புளிப்பை இனிப்பாக்கும் பழமும் ஒரு நர்சரிப் பலகையும்

போன வருஷம் ஆடி மாதம் என் அக்காவுக்கு மூன்றாவது கீமோ முடிந்திருந்தது. வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டுப் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் மாறியிருந்தோம். எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியை நக்குவதுபோல இருக்கிறது என்பாள். இட்லி வேண்டாம், கஞ்சி வேண்டாம், ரசத்தின் வாடையே ஆகாது. 58 கிலோ இருந்தவள் 49-க்கு வந்துவிட்டாள். மாமா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடப்பார். "ரெண்டு வாய் சாப்பிடும்மா, ரெண்டே வாய்" என்று அவர் கெஞ்சுவதைக் கேட்க முடியாமல் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

மருத்துவமனையில் காய்ச்சல் கேட்டார்கள், வாந்தி கேட்டார்கள், வெள்ளை அணுக்களை எண்ணினார்கள். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் ஆறு மாதத்தில் ஒருவர்கூட அவளிடம் "வாய்க்கு ருசி எப்படி இருக்கும்மா?" என்று கேட்கவில்லை. கீமோ மருந்து நாக்கின் சுவை அரும்புகளையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. சாப்பாடு இறங்காவிட்டால் எடை குறையும். எடை ரொம்பக் குறைந்தால் அடுத்த மருந்தையே தள்ளிவைக்க வேண்டிவரும். ருசி போவதைச் சின்னக் குறையாக நினைப்பவர்கள், சாப்பிட முடியாமல் அழுகிற ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

நான் 31 வருஷம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தபோதுதான் மேற்கு ஆப்பிரிக்கப் பழம் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சிவப்பாக, காபிப் பழத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். உள்ளே ஒரே விதை. பழத்துக்கென்று பெரிய இனிப்பு கிடையாது. சதையை நாக்கில் இரண்டு நிமிஷம் உருட்டிவிட்டு எலுமிச்சையைக் கடித்தால், எலுமிச்சை தேனாக இனிக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், சிலருக்கு இன்னும் கூட, இது நீடிக்கும். ஆங்கிலத்தில் மிராக்கிள் ஃப்ரூட் என்கிறார்கள். நம் ஊரில் அதிசயப் பழம், அற்புதப் பழம் என்று சொல்லி விற்கிறார்கள்.

எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோது முடிச்சூரைத் தாண்டி மண்ணிவாக்கம் போகிற வழியில் ஒரு சாலையோர நர்சரியைச் சொன்னார்கள். போனேன். வாசலிலேயே தகரப் பலகை: "மிராக்கிள் ஃப்ரூட் செடி. சுகர், கேன்சர் குணமாகும்." மஞ்சள் பெயின்ட், சிவப்பு எழுத்து.

"இது ஆப்பிரிக்கா அயிட்டம்மா. தினம் ஒண்ணு சாப்பிட்டா சுகரே வராது. வந்திருந்தாலும் போயிடும்" என்றார் அங்கிருந்த பையன்.

"யார் சொன்னாங்க தம்பி?"

"எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்கம்மா. வீடியோவுலயே வருது."

சின்னக் கன்று 650 ரூபாய். காயோடு நின்ற செடி 1,800. அதில் மூன்று பழம் சிவந்திருந்தது, நாலு பச்சையாக இருந்தது. அதையே வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அக்காவின் டாக்டரிடம் முதலில் கேட்டேன். வாயில் புண் இல்லை, வெள்ளை அணுக்கள் ஓரளவு ஏறியிருக்கின்றன, நன்றாகக் கழுவிவிட்டு ஒரு பழம் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. பழத்தை வெந்நீரில் கழுவி, ஆறவைத்து, அவள் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். விதையைத் துப்பினாள். எலுமிச்சையில் ஒரு கீற்று நறுக்கி நீட்டினேன். பயந்துகொண்டே நுனி நாக்கில் வைத்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சாத்துக்குடியாடி இது?" என்றாள்.

அன்றைக்குச் சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸ் ஒரு டம்ளர் குடித்தாள். அதன்மேல் தயிர் சாதம் எட்டு ஸ்பூன். ஒன்பதாவது ஸ்பூனில், "தயிர் சாதத்துல யாரு சர்க்கரை போட்டது?" என்று முகத்தைச் சுளித்து நிறுத்திவிட்டாள். ஆனால் எட்டு ஸ்பூன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இரண்டாவது தடவையும் பலித்தது. மூன்றாவது தடவை ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நாக்கு முழுக்க வறண்டிருந்தது. நடந்தது இவ்வளவுதான். அவளுக்கு நோயைத் தீர்த்தது மருந்து. இந்தப் பழம் சில வேளைகளில் அவளைச் சாப்பிட வைத்தது. அந்தப் பலகையில் எழுதியிருந்ததற்கும் எங்கள் வீட்டில் நடந்ததற்கும் உள்ள தூரத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பழத்தை மேற்கு ஆப்பிரிக்க மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றை மென்றுவிட்டு, புளித்த மாவில் செய்த பண்டத்தையும் புளித்த பனங்கள்ளையும் சாப்பிடுவது அங்கே வழக்கம். 1725-இல் செவாலியே தெ மார்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்து எழுதினார். 1852-இல் டேனியல் என்ற ஆங்கிலேய மருத்துவர் விரிவாக விவரித்தார். 1968-இல் குரிஹாரா, பைட்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், பழத்துக்குள் வேலை செய்வது ஒரு புரதம் என்று பிரித்துக் காட்டினார்கள். மிராகுலின் என்று அதற்குப் பெயர். 191 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அதன்மேல் கொஞ்சம் சர்க்கரை மூலக்கூறுகள்.

அது வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பு இருந்தால் ஒரு பீரியட் முழுக்க அதையே சொல்லிக்கொடுப்பேன். நாக்கில் இனிப்பை உணர ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மிராகுலின் போய் அந்தப் பூட்டில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். வாயில் புளிப்பு வந்ததும், அதாவது அமிலம் வந்ததும், அந்தப் புரதம் வடிவம் மாறிப் பூட்டைத் திறந்துவிடும். மூளைக்கு "இனிப்பு" என்று தந்தி போகும். எச்சில் ஊறி அமிலம் கரைந்ததும் பூட்டு மூடிக்கொள்ளும். அடுத்த வாய் எலுமிச்சை உள்ளே போனால் மறுபடி திறக்கும். ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை 2011-இல் செல்களை வைத்துச் செய்து காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலுமிச்சையின் அமிலம் எங்கேயும் போய்விடவில்லை. நாக்குக்குத்தான் அது தெரியவில்லை. பல்லுக்கும் வயிற்றுக்கும் நன்றாகவே தெரியும். இனிக்கிறதே என்று ஆறு எலுமிச்சையை உறிஞ்சினால் ராத்திரி நெஞ்செரிச்சல் நிச்சயம். வாயில் புண் இருப்பவருக்கு ஒரு கீற்றே நெருப்பு. அதேபோல, சோற்றில் உள்ள மாவுச்சத்தையோ மாம்பழத்தில் உள்ள சர்க்கரையையோ இந்தப் பழம் தொடுவதில்லை. சர்க்கரை போட வேண்டிய இடத்தில் போடாமலேயே ஜூஸைக் குடிக்க வைக்கும். அது நல்ல காரியம். அதோடு அதன் வேலை முடிந்தது.

இதை எங்கள் தெருவுக்குப் பால் போடுகிற தம்பியிடம் முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். 50 வயது. காலையும் இரவும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு செடி வாங்கியிருக்கிறார். தினமும் விடிகாலையில் ஒரு பழம், பிறகு ஒரு எலுமிச்சை. "எலுமிச்சம்பழமே இனிக்குது டீச்சர். உடம்புல இருக்கற சுகரை அது இழுக்குதுன்னு அர்த்தம்" என்று என்னிடமே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையை நிறுத்தியிருப்பார் என்று தோன்றவே இல்லை. ஐந்து வாரம் நிறுத்தியிருக்கிறார். ஒருநாள் பால் வரவில்லை. கேட்டால், கால் பெருவிரலில் புண், வெறும் வயிற்றுச் சர்க்கரை 312, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விரல் தப்பித்தது. இரண்டு மாதம் அவர் மனைவிதான் பால் போட்டார்; விடிகாலை நாலரை மணிக்கு ஸ்கூட்டியில் பால் பெட்டியோடு வருவார்.

இந்த நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்ன பெரிய ஆய்வு 2023-இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக அதை நடத்தியதே சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளைதான். இத்தனை கோடிப் பேருக்கு முன்னால் "சுகர் குணமாகும்" என்று பலகை வைப்பது வெறும் வியாபாரப் பேச்சு ஆகாது. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார்.

நர்சரிப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மொத்தமாகச் செடி கொடுப்பவர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறார். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் 1954-இலேயே வந்துவிட்டது. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. நீரிழிவும் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 70 வருஷத்துக்கு மேல் பழைய சட்டம். அதை எடுத்துக்கொண்டு ஒரு அதிகாரி ஜி.எஸ்.டி. சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் ஒருநாள் நடந்து வந்தால் போதும். அபராதம்கூட முதலில் வேண்டாம். அந்த வரியை அழித்துவிட்டு "புளிப்பு இனிக்கும்" என்று எழுதச் சொல்லட்டும். அது உண்மை. அதற்காகவே செடி விற்கும்.

இன்னொரு பக்கத்துப் பேச்சையும் கேட்டிருக்கிறேன். "எங்கேயோ ஆப்பிரிக்காக் காட்டுப் பழம், நமக்கு எதற்கு?" என்பார்கள். நாம் தினமும் கரைத்து ரசம் வைக்கிற புளியே ஆப்பிரிக்காவில் பிறந்த மரம்தான். எப்போதோ வந்து, நம்முடையதாகவே ஆகிவிட்டது. அதிசயப் பழத்தின் குடும்பமும் நமக்கு அந்நியம் கிடையாது. சப்போட்டா, மகிழம், இலுப்பை எல்லாம் அதே குடும்பம்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில் இலுப்பைப் பூவை விடியலில் பொறுக்கிப் பாயில் காயவைப்பார்கள். காய்ந்த பூ திராட்சை வற்றல் மாதிரி இனிக்கும். பாட்டி அதை வறுத்து இடித்து உருண்டை பிடிப்பாள். அந்த இலுப்பைக்குக் கடல் கடந்த ஒரு தங்கை இருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நாக்கை ஏமாற்றும் செடி நம் ஊரிலேயும் உண்டு. சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். வேலிகளில் படர்கிற கொடி. ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு இலை கொடுத்து மெல்லச் சொல்லுவேன். பிறகு ஒரு வெல்லக்கட்டி. "டீச்சர், மண்ணு மாதிரி இருக்கு!" என்று வகுப்பே கத்தும். கையில் மீதி இருக்கும் வெல்லத்தை முகர்ந்து முகர்ந்து பார்ப்பார்கள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிப்பதை அறியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் வெல்லம் மண்ணாவதைப் பார்க்கும்போதுதான் சுவை என்பது பண்டத்தில் மட்டும் இல்லை என்று அவர்களுக்குப் புரியும். சிறுகுறிஞ்சான் மூடுவதும் அதிசயப் பழம் திறப்பதும் ஒரே பூட்டைத்தான். பழத்தை உருட்டி எலுமிச்சை இனித்துக்கொண்டிருக்கும்போது சிறுகுறிஞ்சான் இலையை மென்றேன். எலுமிச்சை பழையபடி புளித்தது. குரிஹாரா குழுவினர் 1969-இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். நான் மொட்டைமாடியில் செய்து பார்த்துக்கொண்டேன்.

சிறுகுறிஞ்சான் பொடி தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. சித்த மருத்துவத்தில் அது நீரிழிவுக்கு நெடுநாளாகப் பயன்படும் மூலிகை. ஆனால் ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் தானாகவே இதையும் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் போட்டுவிடலாம். அளவு சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும்.

அதற்கு ஆள் இல்லாத ஊரா இது? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3-ஆம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். காலையில் ஓபி சீட்டுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின்மேல் மக்களுக்கு இருக்கிற நம்பிக்கை தெரியும். பக்கத்திலேயே நெஞ்சக நோய் மருத்துவமனை. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் அது. காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, இவைதான் அன்றைய மருந்து. நோயாளி எத்தனை வாய் சாப்பிட்டார் என்பதை வைத்தியமாகவே பார்த்த இடம். எங்கள் ரயில் நிலையத்துக்கே அதனால் வந்த பெயர்.

அந்த மண்ணில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கீமோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பழம் உதவுகிறதா என்று வெளிநாட்டில் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒன்றில் எட்டே பேர். மாட்ரிட் நகரில் லா பாஸ் மருத்துவமனையில் 31 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. ருசியிலும் ஊட்டத்திலும் முன்னேற்றம் இருப்பதாகச் சொல்கிறது. சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர்கள் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தது அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை. நம் நோயாளி சாப்பிடுவது ரசம் சாதம், மோர், கூழ், ஊறுகாய். புளியும் தயிரும்தான் நம் சாப்பாட்டின் முதுகெலும்பு. ரசம் இனித்தால் நம் ஆட்கள் சாப்பிடுவார்களா, துப்புவார்களா? என் அக்கா எலுமிச்சை ஜூஸைக் குடித்தாள், தயிர் சாதத்தை நிறுத்தினாள். முப்பது பேரிடம் கேட்டு, எடை பார்த்து, எழுதிவைத்தால் போதும். சித்த மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே மேஜையில் உட்கார இதைவிட எளிய காரணம் கிடைக்காது.

காசு போட்டு இதைப் பெரிய வியாபாரமாக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ராபர்ட் ஹார்வி என்ற அமெரிக்கர் இதை மாத்திரையாக்கி, சர்க்கரை இல்லாத உணவு உலகத்தையே உருவாக்கலாம் என்று நம்பினார். 1974-இல் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதை உணவுச் சேர்க்கை என்று வகைப்படுத்தி, அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்றது. அவர் கம்பெனி மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் காய்ந்த பழத்துக்கு 2021-இல்தான் அனுமதி தந்தது. அதுவும் பெரியவர்களுக்கு மட்டும், நாளுக்கு 0.7 கிராம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் கிடையாது. காபி, டீயில் போட இது உதவாது. சூடு பட்டால் புரதம் கெட்டுவிடும். புளிப்பு இல்லாத பண்டத்தில் இதற்கு வேலையே இல்லை. சர்க்கரைக்கு மாற்று என்று விற்கிறவர்கள் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கு அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும், பி.எச். 4.5-இலிருந்து 5.8 வரை. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். தாள் போட்டுப் பார்த்தால் 8 காட்டுகிறது. வாங்கி வந்த ஒன்றரை மாதத்தில் இலை நுனிகள் கருகின, பூ உதிர்ந்தது. மொட்டைமாடி மழைநீரை டிரம்மில் பிடித்து, தேங்காய் நார்க்கழிவும் மக்கிய இலையும் கலந்த தொட்டிக்கு மாற்றி, நேர் வெயிலிலிருந்து மாமர நிழலுக்கு நகர்த்திய பிறகுதான் தளிர் விட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி பூத்தது. பூ மிளகளவு, வெள்ளை நிறம்.

அக்காவுக்குக் கீமோ முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. 55 கிலோ. எவர்சில்வர் எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. போன ஞாயிறு வந்திருந்தாள். மாடிக்குக் கூட்டிப் போய்ச் சிவந்திருந்த இரண்டு பழத்தைக் காட்டி, வேணுமா என்றேன். "வேண்டாம்டி. சாப்பாட்டு நேரம். ரசம் ரசமாவே இருக்கட்டும்" என்றாள். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு இந்த மாதம்தான் இரண்டாவது கீமோ. வாயில் புண் இருக்கிறதா, டாக்டரிடம் கேட்டாயிற்றா என்று போனில் விசாரித்துவிட்டு, இரண்டு பழத்தையும் கழுவித் துடைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டேன். அக்காவே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், கூட ஒரு எலுமிச்சையும்.